தாள் வெளிப்பக்கம்

செப்டம்பர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கிறது. இவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த ஒருவர் ரவுண்டானாவுக்குள் நுழைந்துவிட்டு, வெளியே வர மனமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தாராம். பக்கத்தில் உட்கார்ந்து கத்திய தொண்டை அது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணி நீச்சல் கற்றுக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் கரையில் நின்று யோசனை சொல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய வைக்கோல் கொட்டகையை என் பட்டறையாக மாற்றப்போகிறேன். இத்தனை வருஷமாகச் சாப்பாட்டு மேசையில்தான் வயலின் பழுதுபார்த்து வருகிறேன். மேசையின் ஒரு கோடியில் மரம் ஒட்டும் வஜ்ஜிரப் பசை சூடாக இருக்கும், மறுகோடியில் இவர் சாப்பிடுவார். போன மாதம் பேப்பர் படித்துக்கொண்டே ரொட்டியைப் பசைக் கிண்ணத்தில் தோய்த்துவிட்டார். "உப்பு கம்மி" என்றார். வேறு வித்தியாசம் தெரியவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கொட்டகையில் பாதி, என் மூத்தாருக்கு, அதாவது இவருடைய அண்ணனுக்குச் சொந்தம். விதை வியாபாரத்துக்குப் புது வேன் வாங்கியிருக்கிறார். அதைப் பனியில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். "மார்ச் கடைசி வரைக்கும் டைம் தரேன்மா. அதுக்குள்ள உனக்கு நிலையா ஒரு வேலை கிடைச்சிருச்சுன்னா கொட்டகை உன்னோடது. கிடைக்கலைன்னா வேன் உள்ள, வயலின் வெளிய" என்றார். கோபப்பட இடம் கொடுக்காத நியாயஸ்தர்.

நிலையான வேலை ஒன்று கண்ணில் தென்படுகிறது. நகர இசைப்பள்ளியின் தலைமையாசிரியை, பள்ளி வாத்தியங்கள் அத்தனையையும் வருஷம் முழுக்க என்னிடம் பழுதுபார்க்கக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். ஒரே நிபந்தனை: வாத்தியங்களை வைக்கும் அறை, குளிர்காலம் முழுக்கக் கதகதப்பாகவும் ஈரமில்லாமலும் இருக்க வேண்டும். ஈரம் பட்டால் மரம் உப்பி, ஒட்டு விட்டுவிடும். மார்ச்சில் ஈரமானியோடு நேரில் வந்து பார்ப்பாராம்.

கொட்டகைக்குப் பலகைச் சுவர். காற்று ஒரு பக்கம் நுழைந்து, எல்லோரையும் விசாரித்துவிட்டு, மறுபக்கம் போகிறது. சூடு தங்கும்படி சுவரை எப்படிச் செய்வது? குளிர்கிடங்கிலேயே வாழ்நாளைக் கழித்த உங்களை விட்டுவிட்டு வேறு யாரைக் கேட்பேன்?

அன்புத் தங்கை,
வாலு


செப்டம்பர் 11

அன்புள்ள வாலுக்கு,

இன்று காலை வெளியே பதினெட்டு டிகிரி, வீட்டுக்குள் இருபத்திரண்டு. முழங்கால் காலையில் பேசாமல் இருக்கிறது, மாலையில் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. நீச்சல் குளத்துக்கு நான் போவதில்லை. போனபோது தண்ணீரின் வெப்பநிலை பற்றி அங்கிருந்த நிர்வாகியிடம் இரண்டு வார்த்தை சொன்னேன். இனி வர வேண்டாம் என்று உன் அண்ணி சொல்லிவிட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் நலமாகவே பொழுது போகிறது. கிடங்கில் என் இடத்துக்கு வந்திருக்கும் புதிய மேற்பார்வையாளர், எந்தச் சந்தேகம் வந்தாலும் கூப்பிடுகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இதுவரை கூப்பிடவில்லை. சந்தேகமே வராத மனிதர் போலிருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே வரைபலகையைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். படம் இணைத்திருக்கிறேன். இருக்கிற பலகைச் சுவரின் உள்முகத்தில் பிளாஸ்டிக் தாளைக் கிழிசல் இல்லாமல் அடி. அதன்மேல் கண்ணாடிப் பஞ்சு. கையுறை இல்லாமல் தொட்டால் மூன்று நாள் சொறிந்துகொண்டிருப்பாய். கடைசியில், அறைப் பக்கமாக பிளைவுட். அவ்வளவுதான். தாள் எப்போதும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். காற்றிலிருக்கும் ஈரம் பஞ்சுக்குள் போகாமல் தடுப்பது அதுதான். என் கிடங்கில் எல்லாச் சுவர்களும் அப்படித்தான். என் காலத்தில் ஒரு உருளைக்கிழங்குகூட முளைவிட்டதில்லை.

யார் என்ன சொன்னாலும் இதை மாற்றாதே. குறிப்பாக மாப்பிள்ளை.

ஆசிகளுடன்,
அண்ணன்


அக்டோபர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இவருக்குத் தொண்டை சரியாகிவிட்டது, இப்போது கட்டைவிரல். ஆணி அடித்ததில் வந்தது. ஆணி அடிக்கும்போதும் இவருடைய வலது கால் தரையை அழுத்துகிறது. சுத்தியல் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் பிரேக் போடுகிறார். அண்ணிக்கும் உங்களுக்கும் உடம்பு எப்படி?

இரண்டு சுவர் முடிந்தது. தாள் வெளிப்பக்கம். வண்டி நுழையும் பழைய கதவை எடுத்துவிட்டு, ஆள் நுழையும் அளவுக்குச் சின்னதாக ஒன்று வைத்தோம். மூத்தார் டேப்போடு வந்து அளந்தார்.

"வேன் எப்படிம்மா நுழையும்?"

"நுழையாது."

"பரவால்ல, ஏப்ரல்ல இடிச்சுக்கலாம்" என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் ஒரு குழப்பம். "அண்ணன் சொன்னாரு" என்று இவர் ஆரம்பித்தால் அது வேன் அண்ணன். நான் ஆரம்பித்தால் அது பஞ்சு அண்ணன். நேற்று சாப்பாட்டில் இரண்டு அண்ணன்களும் மோதிக்கொண்டார்கள். நீங்கள்தான் ஜெயித்தீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் படத்தில் அம்புக்குறிகள் எல்லாம் சுவருக்கு வெளியிலிருந்து உள்ளே வருகின்றன. அவை என்ன?

அன்புடன்,
வாலு


அக்டோபர் 20

அன்புள்ள வாலுக்கு,

வெளியே ஒன்பது, உள்ளே இருபது. அண்ணி சுகம். இன்று தண்ணீரில் முகத்தை வைத்தாளாம். அரைமணி நேரம் அதைப் பற்றிப் பேசினாள். மாப்பிள்ளையின் கட்டைவிரலுக்கு ஐஸ் வைக்கச் சொல்.

அம்புக்குறி என்பது வெப்பம். வெப்பம் எப்போதும் வெளியிலிருந்து உள்ளே நுழையத்தான் பார்க்கும், விருந்துக்கு அழைக்காத உறவினரைப் போல. சுவர் என்பது அதைத் தடுப்பதற்கு. இதெல்லாம் உனக்குப் புரிய வேண்டிய அவசியமில்லை. படத்தில் உள்ளபடி செய்தால் போதும்.

படத்தின் பெரிய பிரதி ஒன்றை எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். மின்கட்டணம் வாங்க வந்தவர்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார். ஒவ்வொரு சுவர் முடிந்ததும் எழுது. இங்கே பச்சைப் பென்சிலால் நிரப்பிக்கொள்கிறேன்.

கிடங்கிலிருந்து இன்னும் கூப்பிடவில்லை.

ஆசிகளுடன்,
அண்ணன்


டிசம்பர் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். கட்டைவிரலில் புது நகம் வளர்கிறது.

பட்டறை முடிந்துவிட்டது. நான்கு சுவர்களையும் நீங்கள் பச்சையடித்துவிடலாம். மேற்கூரைக்கும் அப்படியே செய்தோம். மூலையில் விறகடுப்பு, ஜன்னலோரம் வேலை மேசை, சுவரில் உளிகள். வெளியே பனி கொட்டும்போது நான் உள்ளே ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார்ந்து வேலை செய்கிறேன். வஜ்ஜிரம் நாள் முழுக்க அடுப்பில் வெந்நீருக்குள் சூடாக இருக்கிறது. இவர் மேசையில் தனியாகச் சாப்பிடுகிறார். ருசி குறைந்துவிட்டது என்கிறார்.

எல்லாம் நீங்கள் சொன்னபடிதான். ரொம்ப நன்றாக இருக்கிறது.

ஒன்று மட்டும், சும்மா தெரிந்துகொள்ளத்தான். கண்ணாடிப் பஞ்சு நனைந்துவிட்டால் மறுபடி காயுமா? என் சிநேகிதி ஒருத்தி கேட்டாள். அவள் வீட்டிலும் சுவர் வேலை நடக்கிறது.

அன்புடன்,
வாலு


டிசம்பர் 22

அன்புள்ள வாலுக்கு,

வெளியே இரண்டு, உள்ளே இருபது. அனைவரும் நலம்.

நான்கு சுவரையும் பச்சையடித்தாயிற்று. அண்ணியிடம் காட்டினேன். "அழகா இருக்கு, இப்பவாவது கழட்டலாமா?" என்று கேட்டாள். கழற்றவில்லை.

உன் சிநேகிதியின் விஷயம் எனக்குக் கவலையாக இருக்கிறது. முறையாகப் போட்ட சுவரில் பஞ்சு நனையாது. நனைகிறதென்றால் போட்டவன் அரைகுறை. யார் போட்டது என்று கேள். தாளை எந்தப் பக்கம் போட்டான் என்று முக்கியமாகக் கேள். பலபேர் இந்தத் தொழிலுக்குள் எதுவும் தெரியாமல் வந்துவிடுகிறார்கள். அவள் விரும்பினால் அவளுக்கும் ஒரு படம் வரைந்து அனுப்புகிறேன்.

நனைந்த பஞ்சைப் பிரித்து வெளியே எடுத்து, காற்றில் உலர்த்தினால் காயும். சுவருக்குள்ளேயே விட்டால் காயாது.

ஆசிகளுடன்,
அண்ணன்


பிப்ரவரி 5

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலமாக இருக்கிறாயா? உன் வீட்டுக்காரர், அவருடைய பிரேக், எல்லாம் நலம்தானே? நான் இப்போது மிதக்கிறேன். முன்னால் போவதில்லை, ஆனால் மூழ்குவதும் இல்லை. இந்த வயதில் இது போதும்.

உன் அண்ணனிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேலாக உனக்குக் கடிதம் வந்திருக்காது. எழுதாமல் இல்லை. எழுதி எழுதிக் கிழிக்கிறார். குப்பைத்தொட்டி நிறைந்துவிட்டது.

நடந்தது இதுதான். ஜனவரியில் ஒருநாள் குளித்துவிட்டு வந்தவர், குளியலறைக் கண்ணாடி முன்னால் துண்டோடு நின்றவர் நின்றபடியே இருந்தார். வெந்நீர் ஆவி கண்ணாடியில் படிந்து, தண்ணீராக வழிந்துகொண்டிருந்தது. எத்தனையோ வருஷமாக வழிவதுதான். விரலால் ஒரு கோடு போட்டார். பிறகு ஜன்னலுக்குப் போய் அதன் கண்ணாடியையும் உள்பக்கம் தடவிப் பார்த்தார். "உள்ளேர்ந்து வருது" என்றார். "என்னங்க வருது?" என்று கேட்டேன். கூடத்துக்கு வந்து, படத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். துண்டோடுதான்.

அன்றிலிருந்து காலையில் வெப்பநிலை சொல்வதை நிறுத்திவிட்டார். எனக்கு இது நிம்மதியாக இருக்க வேண்டும், இல்லை.

எனக்குச் சுவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவரைத் தெரியும். உன் சுவர் நனைந்திருக்கிறதா? நான் கேட்டதாக அவருக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நாங்கள் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். உங்களிடம் உண்மையே எழுதுகிறேன். சுவர் நனைந்திருக்கிறது. டிசம்பர் தொடக்கத்திலேயே ஒரு பூஞ்சை வாசனை வந்தது. ஒரு பிளைவுட் பலகையைக் கழற்றிப் பார்த்தோம். பஞ்சைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. சிநேகிதி என்று யாரும் இல்லை.

இவர்தான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தார். அண்ணனுடைய கிடங்கில் சூடு வெளியே, குளிர் உள்ளே. சூடான காற்றில்தான் ஈரம் அதிகம். அங்கே அது வெளியிலிருந்து வரும். அதனால் தாள் வெளிப்பக்கம். என் கொட்டகையில் எல்லாம் தலைகீழ். அடுப்பும் வஜ்ஜிரத்தின் ஆவியும் என் மூச்சும் உள்ளே, பனி வெளியே. ஈரம் உள்ளேயிருந்து கிளம்பி, பஞ்சைக் கடந்து, ஜில்லென்று இருக்கும் தாளில் முட்டித் தண்ணீராகிவிடுகிறது. அண்ணன் எனக்கு மிக நல்ல ஒரு குளிர்கிடங்கைக் கட்டிக் கொடுத்துவிட்டார். உருளைக்கிழங்கு வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

அம்புக்குறி என்ன என்று நான்தான் கேட்டேன். வெப்பம் என்றார். குளிர்காலத்தில், பனிக்கு நடுவில், வெளியிலிருந்து எந்த வெப்பம் வரும் என்று கேட்கத் தோன்றவில்லை. அண்ணன் சொன்னால் எனக்கு யோசிக்கும் பழக்கம் கிடையாது. ஐம்பது வருஷப் பழக்கம்.

இப்போது ஒவ்வொரு சுவராகப் பிரித்து, பஞ்சை வீட்டு வராந்தாவில் உலர்த்தி, தாளை உள்பக்கம் மாற்றிப் போடுகிறோம். வாடிக்கையாளர்களின் வயலின்கள் மறுபடி சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டன. கூரையும் ஒரு சுவரும் முடிந்திருக்கின்றன. தலைமையாசிரியை மார்ச் கடைசி வாரம் வருகிறார். அவர் மூக்குக்குக் கொஞ்சம் ஈரவாசனை பட்டால் போதும், வேன் உள்ளே வந்துவிடும்.

அண்ணனிடம் சொல்லாதீர்கள். கிடங்கிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அவரைக் கேட்டுச் செய்தது என்று உலகத்தில் மிச்சம் இருப்பது என் சுவர் ஒன்றுதான். அது பச்சையாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
வாலு


பிப்ரவரி 26

அன்புள்ள வாலுக்கு,

அனைவரும் நலம். உங்கள் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. மார்ச் இரண்டாம் வாரம் வருகிறேன். சில நாள் தங்குவேன். எனக்காக எதுவும் தயார் செய்ய வேண்டாம். பழைய சட்டை நானே கொண்டுவருகிறேன்.

அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? அண்ணன் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பார். இந்நேரம் அவர் தன் பங்கைச் சொல்லியிருப்பார், அல்லது ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டார். நான் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

வந்ததும் பையை வாசலில் வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனார். மூன்று சுவர் மாற்றி முடித்திருந்தோம். வடக்குச் சுவர் மட்டும் திறந்து கிடந்தது. கழற்றிய தாள்களை மடித்து மூலையில் வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தேன். அண்ணன் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி போட்டார்.

"சாக்கு நல்ல சாக்கு" என்றார்.

"ஆமாண்ணா, பழசு."

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "தாள் ரோல் எங்க இருக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான். இரண்டு நாள் சேர்ந்து வேலை செய்தோம். அவர் பஞ்சை வைப்பார், நான் அதன்மேல் தாளை அடிப்பேன். உள்பக்கம். பனியைப் பற்றிப் பேசினோம், உங்கள் நீச்சலைப் பற்றிப் பேசினோம், ஆணியின் நீளத்தைப் பற்றிப் பேசினோம். தாளைப் பற்றி இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. இவர் பார்த்துவிட்டு, "ஒரே கார்ல ரெண்டு பேர், ஸ்டீயரிங்க யாருமே பிடிக்கல" என்றார்.

மூன்றாம் நாள் காலை தலைமையாசிரியை வந்து நின்றார். இந்தப் பக்கம் வேறு வேலையாக வந்தாராம், அப்படியே பார்த்துவிடலாம் என்று. வடக்குச் சுவர் பாதி திறந்திருக்கிறது. என் கையில் தாள், அண்ணன் கையில் பஞ்சு. மூத்தாரும் சத்தம் கேட்டு வந்துவிட்டார்.

அந்த அம்மா அதிகம் பேசாத ரகம். ஈரமானியை மேசையில் வைத்துவிட்டு, அது நிதானமாகும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முள்ளைப் பார்த்தார்.

"நாப்பத்தெட்டு. நல்லாருக்கு. இந்தச் சுவர்ல எப்பவாவது ஈரம் வந்திருக்கா?"

"இல்லைங்க" என்றேன். கொஞ்சமும் தடுமாறவில்லை. மூன்று மாதப் பயிற்சி.

"வந்துச்சு" என்றார் அண்ணன்.

அந்த அம்மா திரும்பினார்.

"நாலு சுவரும் நனைஞ்சிருந்துச்சு. டிசம்பர்லேர்ந்து இருக்கும். தாளைத் தப்பான பக்கம் போடச் சொன்னது நான். இப்பப் பிரிச்சுச் சரியாப் போட்டிருக்கறது இவ."

"நீங்க?"

"குளிர்கிடங்கு" என்றார். பிறகு, "இவ அண்ணன்" என்றார்.

"இல்லைன்னு சொன்னீங்களேம்மா" என்று அந்த அம்மா என்னைப் பார்த்தார். பக்கத்தில் இவருடைய வலது கால் தரையை அழுத்தியது. அந்த அம்மா திறந்திருந்த சுவருக்குப் போய், கையை முழங்கைவரை பஞ்சுக்குள் விட்டு, இங்கும் அங்கும் துழாவினார். கையுறை போடவில்லை. வெளியே எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். "யோசிச்சு எழுதறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூத்தார் கதவின் அகலத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். டேப் எடுக்கவில்லை, அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவர்.

எல்லோரும் போன பிறகு நான் கேட்டேன். "உங்களைக் காப்பாத்தறதுக்காகக் குளிர்காலம் பூராவும் பொய் சொல்லிட்டிருந்தேன். ஒரே நிமிஷத்துல போட்டு உடைச்சிட்டீங்களே. ஏன்?"

"என்னைக் காப்பாத்தறதுக்கு நீ சொன்னது நம்ம வீட்டுக்குள்ள பொய்" என்றார். "அந்தம்மா இங்க அவங்க பொருளை வெக்கப் போறாங்க."

அன்று மாலையே ரயிலேறினார். வடக்குச் சுவரை முடித்துவிட்டுத்தான் போனார். நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

வாலு


மார்ச் 30

அன்புள்ள வாலுக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஊர் வந்து சேர்ந்ததும் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கோபத்தில் இருக்கிறாய் என்று அண்ணி சொன்னாள். இன்று வெப்பநிலை பார்க்கவில்லை.

நீ கேட்டதற்கு அன்று முழுப் பதில் சொல்லவில்லை. கிடங்கில் ஒரு அறை ஒருமுறை கெட்டுப்போனால், அதைச் சரிசெய்த பிறகும் கதவில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவைப்போம். அந்த வருஷம் முழுக்க அந்தப் பக்கம் போகிறவன் வருகிறவன் எல்லாம் அந்தக் கதவைத் திறந்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுப் போவான். வட்டம் போட்ட அறையில் சரக்கு கெட்டு நான் பார்த்ததில்லை. மேலதிகாரி வருகிறார் என்று வட்டத்தை அழித்த அறைகளில் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா கேட்டபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

தாளுக்குக் கேட்கிறேன். எனக்கு அறை என்றால் வெளியே வெயில், உள்ளே குளிர். வேறுவிதமான அறையும் இருக்கிறது, அதில் மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. நான் இருப்பதும் அப்படி ஒரு வீட்டில்தான். ஜனவரியில் அது தெரிந்தபோதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினேன், அனுப்பவில்லை. உன் பட்டறை போய்விட்டால் அதற்குக் காரணம் என் படம், என் வாய் இல்லை. இதை மூத்தாரிடமும் சொல்லலாம்.

படத்தைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் சுவர் வெளுப்பாகத் தெரிகிறது. அண்ணி அங்கே நாள்காட்டி மாட்டலாம் என்கிறாள்.

அண்ணன்


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்காலும் அண்ணியும் எப்படி? இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபம் ஒரு காரணம். அது ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. மற்ற நாட்களுக்குக் காரணம், எழுத விஷயம் முடிவாகவில்லை.

மார்ச் கடைசி நாள் இசைப்பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. வேலை தருகிறோம் என்றும் இல்லை, தரவில்லை என்றும் இல்லை. ஒரு செல்லோவை அனுப்புவார்களாம், மூன்று வாரம் அது என் பட்டறையில் சும்மா இருக்க வேண்டுமாம். வயதான செல்லோ, லேசான ஈரத்துக்கே ஒட்டு விட்டுவிடும் வகை. மூத்தாரிடம் கடிதத்தைக் காட்டினேன். "செல்லோ உள்ள இருக்கறப்ப வேனை எப்படிம்மா விடறது" என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டார்.

அந்த மூன்று வாரமும் மழை. செல்லோவை வடக்குச் சுவரில் சாய்த்து வைத்தேன், வேண்டுமென்றேதான். நீங்கள் பஞ்சு வைத்த சுவர். தினமும் காலையில் இவர் போய் அதைச் சுற்றி வந்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டுப் பயிற்சிக் காருக்குப் போனார். செல்லோவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். "பஞ்சரான டயர் சத்தம் தெரியும்ல" என்றார்.

நேற்று தலைமையாசிரியை வந்தார். செல்லோவின் விளிம்பு முழுக்க விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். ஒரு இடத்தில் நின்றார். என் உயிர் நின்றது. கம்மலைக் கழற்றிவிட்டு மறுபடி கேட்டார். ஒட்டு எங்கும் விடவில்லை.

வேலை கிடைத்துவிட்டது, அண்ணா. வருஷம் முழுக்க, பள்ளி வாத்தியங்கள் அத்தனையும்.

வேறு இடங்களையும் பார்த்தீர்களாமே, ஏன் எங்களுக்கு என்று கேட்டேன். "மத்தவங்க எல்லாரும் மூடின சுவரைக் காட்டினாங்க. உங்க சுவருக்குள்ள கையை விட முடிஞ்சுது" என்றார். கொஞ்சம் யோசித்து, "மூணு நாள் அரிப்பு" என்றார். அந்த 'இல்லைங்க'வைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாத்தியங்களைப் பள்ளியிலிருந்து கொண்டுவரவும் திரும்பக் கொண்டுபோய்விடவும் வண்டி வேண்டும் என்றார். மூத்தார் தொண்டையைச் செருமினார். இப்போது வேனுக்கு வாரம் இரண்டு நடை கிடைத்திருக்கிறது. கொட்டகையைப் பற்றி அவர் பேசுவதில்லை. வாசலில் வேன் நிற்க வசதியாக அங்கிருக்கும் புதரை வெட்டலாமா என்று மட்டும் கேட்கிறார்.

போகும்போது அந்த அம்மா இன்னொன்றும் கேட்டார். கோடையில் இங்கே தகரக் கூரை காயும். அப்போது சூடு வெளியே இருக்கும், உள்ளே குளிர்ச்சியாக வைக்க வேண்டியிருக்கும், உங்கள் கிடங்கைப் போல. அப்போது உள்பக்கம் இருக்கும் இந்தத் தாள் என்ன செய்யும்? தெரியாது என்று சொன்னேன். உண்மையாகவே தெரியாது. இவருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் மாதம் வாருங்கள். ஒரு பலகையைக் கழற்றி, இரண்டு பேருமாகக் கையை உள்ளே விட்டுப் பார்ப்போம்.

அன்புத் தங்கை,
வாலு